பிரிட்ஜ் பக்கத்து ஹம்பக்கர்



நாலந்தா என்றதும் எல்லோரும் கேட்பது கெடிகேயைத்தான். போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது கல் கல்லாகக் கழற்றி மேட்டு நிலத்தில் திரும்பக் கட்டிய அந்தக் கற்கோயிலைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கிட்டார் பழுதுபார்க்கிறவன். ஏ-9 வீதியோரம் கடை. கண்டியிலிருந்தும் மாத்தளையிலிருந்தும் வடக்கே நிகழ்ச்சிக்குப் போகிற இசைக்குழுக்களின் வேன்கள் இந்த வழியாகத்தான் போகும். போகிறபோது பாதி வேலை தருவார்கள், திரும்புகிறபோது மீதி வேலை தருவார்கள். அவர்கள் ஓயாமல் கேட்கிற கேள்வி ஒன்று: "அண்ணே, பிரிட்ஜுக்கு எந்த ஹம்பக்கர் போடலாம்?" இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

கிட்டார் வாசிக்காத நேயர்கள் வானொலியை மூடிவிட வேண்டாம். விஷயம் சுலபம். மின்கிட்டாரின் கம்பி உருக்கால் ஆனது. அதற்குக் கீழே ஒரு காந்தமும், ஆயிரக்கணக்கான சுற்றுச் செப்புக் கம்பியும் இருக்கும். மேலே உருக்குக் கம்பி அதிர்ந்தால் கீழே சுருளில் சின்னதாக மின்சாரம் பிறக்கும். இதற்குப் பெயர்தான் பிக்கப். கழுத்துப் பக்கம் ஒன்று, கம்பிகள் வந்து முடிகிற பிரிட்ஜ் பக்கம் ஒன்று. பிரிட்ஜுக்கு அருகில் கம்பி அதிகம் ஆடாது. அதனால் அங்கே சத்தம் குறைவு, கூர்மை அதிகம். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் பிரிட்ஜ் பிக்கப்புக்கு வழக்கமாக இரண்டு சுற்று கூட்டிச் சுற்றுவார்கள். இரண்டு என்றால் இரண்டல்ல, சில நூறு.

சரி, ஹம்பக்கர் எதற்கு? நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. டியூப் லைட், டிரான்ஸ்போமர், மின்விசிறி எல்லாம் அதே கணக்கில் உறுமிக்கொண்டிருக்கின்றன. ஒற்றைச் சுருள் பிக்கப் இசையோடு சேர்த்து அந்த உறுமலையும் வாங்கி அம்ப்புக்கு அனுப்பிவிடும். கோயில் திருவிழா மேடையில் பாடகர் மூச்சு விடுகிற இடைவெளியில் பின்னால் "ம்ம்ம்" என்று ஒன்று கேட்குமே, அதில் பாதி இந்த வகை.

இதற்கு வழி கண்டவர் சேத் லவர். அமெரிக்காவில் கலமசூ நகரத்துக் கிப்சன் தொழிற்சாலையில் வேலை செய்தவர், ரேடியோ வேலை நன்றாகத் தெரிந்தவர். ஒரு சுருளுக்குப் பதில் இரண்டு சுருள் வைத்தார். ஒன்றுக்குக் காந்தத்தின் வட முனை மேலே, மற்றதற்குத் தென் முனை மேலே. பிறகு இரண்டையும் எதிரெதிராக இணைத்தார். வெளியிலிருந்து வருகிற உறுமலுக்குக் காந்தம் எந்தப் பக்கம் என்ற கவலையே இல்லை. இரண்டு சுருளிலும் ஒரே மாதிரி ஏறும், எதிரெதிர் இணைப்பில் ஒன்றை ஒன்று தின்றுவிடும். கம்பியின் அதிர்வு அப்படியல்ல. அதற்குக் காந்தமும் எதிர், இணைப்பும் எதிர். எதிருக்கு எதிர் நேராகிவிடுகிறது. உறுமல் போகும், இசை இரட்டிக்கும். எனக்கு இதைச் சொல்லச் சொல்ல அலுக்காது, மன்னிக்க வேண்டும். கடைக்கு வருகிற பிள்ளைகளுக்கும் செய்தே காட்டுவேன். ஒரு சுருளை மட்டும் அம்ப்பில் கொடுத்து, சோல்டரிங் இயந்திரத்தின் டிரான்ஸ்போமர் பக்கம் கொண்டுபோனால் மேசை அதிர உறுமும். இரண்டாவது சுருளின் வயரைத் தொட்டு வைத்த நொடியில் உறுமல் அடங்கிவிடும். வயரை எடுத்தால் திரும்ப உறுமும். பிள்ளைகள் தாங்களே தொட்டுத் தொட்டு எடுத்துப் பார்ப்பார்கள்.

லவர் உரிமைப் பத்திரத்துக்கு 1955 ஜூனில் விண்ணப்பித்தார். கிடைத்தது 1959 ஜூலையில். அந்த ஆண்டுகளில் பிக்கப்பின் அடியில் "உரிமத்துக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது" என்று ஒரு சின்னக் கறுப்புச் சீட்டை ஒட்டினார்கள். அந்த ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்தான் இன்றைக்கு உலகமெல்லாம் சொல்கிற பி.ஏ.எஃப். இதில் ஒரு வேடிக்கை. உரிமம் கிடைத்த பிறகு 1960களில் சீட்டில் எண் அச்சிட்டார்களே, அது பிக்கப்பின் எண்ணே அல்ல. கிட்டாரின் வால்பகுதிக்கு லெஸ் போல் வாங்கிய உரிமத்தின் எண். யார் இப்படி அச்சிட்டார்கள், போட்டியாளரைத் திசைதிருப்பவா என்று இன்றும் கிட்டார்க்காரர்கள் கூடினால் வாதம்தான்.

அந்தக் காலத்துப் பிக்கப் ஒவ்வொரு சுருளிலும் ஏறத்தாழ 5000 சுற்று. 42ஆம் எண் செப்புக் கம்பி. தடிப்பு மில்லிமீற்றரில் நூற்றில் ஆறு பங்குதான். சுற்றியவர்கள் எண்ணிக்கையை ஒரே சீராகப் பார்க்கவில்லை. அதனால் ஒரே ஆண்டில் வந்த இரண்டு பிக்கப் ஒன்றாய் ஒலிக்காது. மல்டிமீற்றர் வைத்தால் ஒன்று ஏழரை கிலோ ஓம், இன்னொன்று ஒன்பதைத் தொடும்.

கிலோ ஓம் என்றதும் ஒரு விஷயத்தை உரக்கச் சொல்லியாக வேண்டும். இளைஞர்கள் பிக்கப் வாங்குவது இந்த எண்ணைப் பார்த்துத்தான். பதினாறு எட்டைவிடப் பெரியது, ஆகவே பதினாறு நல்லது. அப்படி இல்லை தம்பிமாரே. கம்பியை ஒரு எண் மெலிதாக்கி 43க்குப் போனால் அதே சுற்றுக்கு மின்தடை நாலில் ஒரு பங்கு ஏறிவிடும். சத்தம் அதற்குத் தக்கபடி ஏறாது. இன்னொன்று, செப்பின் மின்தடை சூட்டோடு ஏறும், ஒரு பாகைக்கு நூற்றுக்குப் பூச்சியம் தசம் நான்கு வீதம் அளவில். நுவரெலியாவில் 15 பாகைக் குளிரில் எட்டு கிலோ ஓம் காட்டிய பிக்கப், சித்திரை வெயிலில் என் கடை மேசையில் 32 பாகையில் எட்டரை காட்டும். பிக்கப் ஒன்றும் மாறவில்லை. நுவரெலியாவில் வாங்கி வந்து "இது வேறு சாமான், ஏமாற்றிவிட்டான்" என்று சண்டைக்கு நின்ற ஒருவரிடம் இதைச் சொல்லி, பிக்கப்பைக் கொஞ்சநேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்து அளந்து காட்டிய பிறகுதான் தேநீர் குடித்தார்.

இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி வந்தார். கையில் ஸ்ட்ராட் வடிவக் கிட்டார். நல்ல விலை கொடுத்து வாங்கிய புது ஹம்பக்கர் பிரிட்ஜில். "அண்ணே, உறுமல் போகவே இல்லை, பிக்கப் போலி போல." கம்பியில் கை வைத்தும் மாற்றமில்லை; வயர் செருகுகிற ஜெக்கின் உலோகத்தில் கை வைக்கச் சொன்னேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. கையை எடுத்தால் கூடியது. நேயர்களே, இந்த அறிகுறியை நினைவில் வையுங்கள். தொட்டால் குறைகிற சத்தம் சுருள் வாங்குகிற உறுமல் அல்ல. அது எர்த் விஷயம். ஹம்பக்கர் அதைத் தொடவே தொடாது. பிரிட்ஜிலிருந்து வருகிற எர்த் வயர் அறுந்து கிடந்தது. ஒரு சொட்டு ஈயம், அவ்வளவுதான். பழைய பிக்கப்பே போதுமாக இருந்திருக்கும் என்பதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. ஒரு அவசர அறிவிப்பும் இதோடு: ஜெனரேட்டரில் நடக்கிற நிகழ்ச்சியில் கம்பியில் கை வைத்தபடி மைக்கில் உதடு பட்டு ஷொக் அடித்தால் அதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். நிகழ்ச்சியை நிறுத்தி, எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட காரியம்.

இனித் தெரிவுக்கு வருவோம். எதில் வாசிக்கப்போகிறீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வி. நம் பக்கத்து மேடையை நினைத்துப் பாருங்கள். மாத்தளை முத்துமாரியம்மன் பஞ்சரதத் தேர்க் காலம், எங்கேயோ ஒரு கொட்டகையில் இசை நிகழ்ச்சி. இரண்டு கீபோர்ட், ஒக்டபேட், டோலக், பேஸ். கிட்டார்க்காரருக்குத் தனி அம்ப் கிடையாது. காலடியில் ஒரு பிராசசர், அதிலிருந்து நேரே மிக்சருக்கு. முதலில் பக்திப் பாடல். அடுத்து 'இளைய நிலா', சந்திரசேகர் வாசித்து 1982இல் வந்த அந்தக் கிட்டாரை ஒரு சுரம் பிசகாமல் சபை எதிர்பார்க்கும். அதற்கடுத்து ஏ. ஈ. மனோகரன் பாட்டு, பைலாத் தாளம், கிட்டார் சலங்கை மாதிரித் துள்ளவேண்டும். கடைசியில் புதுப் பட அதிரடிப் பாட்டு ஒன்று, அதற்கு டிஸ்டோர்ஷன். ஒரே கிட்டார், ஒரே பிரிட்ஜ் பிக்கப்.

இந்த ஆளுக்கு நான் பதினாறு கிலோ ஓம் சாமானைப் போடமாட்டேன். அவ்வளவு பலமான சமிக்ஞை பிராசசரின் வாசலிலேயே முட்டி உடைந்துவிடும். சுத்தமாக ஒலிக்கவேண்டிய இடத்தில் கரகரக்கும். டிஸ்டோர்ஷனைப் பிராசசர் தரும். பிக்கப்பிடம் கேட்கவேண்டியது தெளிவு. எட்டு, எட்டரை கிலோ ஓம், அல்னிக்கோ 5 காந்தம், பழைய பி.ஏ.எஃப். வழியில் சுற்றியது, சீமோர் டங்கனின் '59 அந்த வகை. அல்னிக்கோ என்றால் இரும்போடு அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்த்த காந்தம். 5 பலமானது, கீழ்ச்சுரம் இறுக்கமாக வரும். 2 இன்னும் இளகியது. மாத்தளைக் கொட்டகையின் தகரக் கூரையில் கூர்மை காதைக் குத்துகிறது என்பவர்களுக்கு அதைச் சொல்வேன்.

மெட்டல் வாசிக்கிற பிள்ளைகள் கோபிக்க வேண்டாம், உங்களை மறக்கவில்லை. கண்டியிலும் கொழும்பிலும் உங்கள் கூட்டம் பெரியது என்று எனக்குத் தெரியும். லாரி டிமார்சியோ 1972இல் கொண்டுவந்த சூப்பர் டிஸ்டோர்ஷன் உங்களுக்காகவே பிறந்தது. செராமிக் காந்தம், பதின்மூன்றரையைத் தாண்டிய கிலோ ஓம். செராமிக் என்றால் மட்டம் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பிக்கப் அதைப் பொய்யாக்கி ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது. டங்கனின் ஜே.பி. பதினாறைத் தாண்டும், ஆனால் காந்தம் அல்னிக்கோ 5. ஈ.எம்.ஜி. 81 ஒன்பது வோல்ட் பற்றரியில் ஓடுவது. இரைச்சல் மிகக் குறைவு. நிகழ்ச்சிக்கு முன் பற்றரி மாற்ற மறக்காத ஆளாக இருந்தால் போடுங்கள்.

கர்நாடக இசை வாசிக்கிறவர்களும் வருகிறார்கள். சுகுமார் பிரசாத் மின்கிட்டாரிலும், மாண்டலின் ஸ்ரீனிவாஸ் ஐந்து கம்பி மின்மாண்டலினிலும் கச்சேரி செய்து காட்டிய பிறகு இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. கமகத்துக்குக் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது அது பிக்கப்பின் திருகாணித் தலைக்கு மேலிருந்து விலகும், சத்தம் சற்று இறங்கும். தலைகளுக்குப் பதில் நீளத் தகடு வைத்த ஹம்பக்கர் கிடைக்கிறது, அதில் இந்த இறக்கம் தெரியாது. இதைப் பற்றி இன்னொரு நாள் தனியாகப் பேச ஆசை.

நேரம் குறுகிவிட்டது. காசு செலவழிக்கும் முன் ஒரு ஸ்க்ரூட்ரைவர் எடுங்கள். கம்பியைக் கடைசிக் கட்டையில் அழுத்திப் பிடித்து, கம்பிக்கும் பிக்கப் தலைக்கும் நடுவே ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீற்றர் இருக்கும்படி பக்கத்துத் திருகாணிகளைத் திருப்பிப் பாருங்கள். பாதிப் பேர் அதோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு வியாபாரம் நட்டம். வொலியும் பொட் 250 கிலோ ஓம் என்றால் ஹம்பக்கர் மங்கும். 500க்கு மாற்றினால் கதவு திறந்த மாதிரி இருக்கும். ட்ரெமலோ பிரிட்ஜில் கம்பிகளின் இடைவெளி அகலம், ஆகவே அகலத் தலைவரிசை உள்ள பிக்கப்பைக் கேட்டு வாங்குங்கள். மொனிட்டர் பக்கத்தில் நின்றால் பிக்கப் கீச்சிடுகிறதா, உள்ளே சுருள் அசைகிறது, மெழுகில் தோய்க்கவேண்டும். எடி வான் ஹேலன் தன் பிக்கப்பை மெழுகில் தோய்த்த கதை பிரபலம்தான், அதற்காக அம்மாவின் சட்டியில் முயல வேண்டாம், சூடு கூடினால் சுருள் சுற்றிய பாபின் வளைந்துவிடும்.

கடைசியாக வயர் நிறம். டங்கனின் சிவப்பு வேறு, டிமார்சியோவின் சிவப்பு வேறு. நிறத்தை நம்பி இணைத்தால் இரண்டு பிக்கப்பும் சேரும்போது ஒலி தகர டப்பா ஆகிவிடும். முள் ஆடுகிற பழைய மீற்றரை வயரில் மாட்டி, ஸ்க்ரூட்ரைவரால் பிக்கப் தலையைத் தொடுங்கள். முள் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பார்த்து, மற்றப் பிக்கப்பிலும் அதே பக்கம் துள்ளுமாறு வயரை மாற்றிக்கொள்ளுங்கள். அப்படியான மீற்றர் இப்போது கிடைப்பது அரிது, வீட்டில் தாத்தாவின் ரேடியோப் பெட்டியில் ஒன்று கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். எனக்கும் ஒன்று தேவைப்படுகிறது.

வரும் தேருக்கு மேடையேறுகிற குழுவெல்லாம் உறுமலில்லாமல் வாசிக்கட்டும்.