தொலைந்த பந்தும் சொன்ன சொல்லும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியக் கூட்டத்தில் கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்மாதிரி உண்டா என்று நண்பர்கள் கேட்டார்கள். உண்டு. ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் பி.ஜி. வுட்ஹவுஸ் 1922-இல் வெளியிட்ட ‘தி கிளிக்கிங் ஆஃப் கத்பர்ட்’ என்னும் தொகுப்பின் தலைப்புக் கதையில், இலக்கியச் சங்கம் ஒன்று கூடியிருக்கும் அறைக்குள் சன்னல் வழியே ஒரு கோல்ஃப் பந்து பாய்ந்து வருகிறது. இளம் நாவலாசிரியர் ஒருவர் மயிரிழையில் தப்புகிறார். பின்னாலேயே பந்துக்கு உரியவன் வந்து, அது கிடந்த இடத்திலிருந்தே அடித்துவிட்டுப் போகிறான். அந்தச் சங்கத்தாரைவிட நம் வட்டத்தார் பொறுமை மிக்கவர்கள் என்னும் துணிவில் நானும் ஒரு பந்தை இந்த அவைக்குள் உருட்டுகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது: தொலைந்த பந்தைத் தேடுவது பற்றிய விதி. ஒரு சொல் எப்போது செயலாகிறது, எப்போது வெறும் ஒலியாக நின்றுவிடுகிறது என்பதை அந்த விதி மிகத் தெளிவாக வரையறுக்கிறது. அதனால்தான் சொல்லையே தொழிலாகக் கொண்ட உங்கள் முன் அதைக் கொண்டுவந்தேன்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். பரந்த புல்வெளியில் 18 குழிகள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு தொடக்க மேடை. அங்கிருந்து பந்தை அடித்து, மிகக் குறைந்த அடிகளில் குழிக்குள் சேர்க்க வேண்டும். இடையே புதரும் மணற்பள்ளமும் முழங்கால் அளவுப் புல்லும் உண்டு. பந்தோ சிறிய எலுமிச்சம்பழம் போன்றது. பெரும்பாலான ஆட்டங்களில் நடுவர் உடன் நடப்பதில்லை. ஆட்டக்காரர் தம் அடிகளைத் தாமே எண்ணி, தம் பிழையைத் தாமே அறிவிக்க வேண்டும்.

நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கோல்ஃப் விதிகள் 1744-இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் ஆடுவதற்காக எடின்பரோ ஆட்டக்காரர்கள் எழுதிவைத்த 13 விதிகளே. அவற்றுள் எட்டாவது, பந்து தொலைந்தால் என்ன செய்வது என்பதைச் சொல்கிறது. கடைசியாக அடித்த இடத்துக்குத் திரும்பிப்போக வேண்டும். வேறொரு பந்தை இட வேண்டும். எதிராளிக்கு ஓர் அடியை விட்டுக்கொடுக்க வேண்டும். இதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. பந்தைத் தொலைத்ததை அவர்கள் குற்றமாகக் கருதவில்லை. கெட்ட காலம் என்றே கருதினார்கள். ஆயினும் கெட்ட காலத்துக்கும் ஒரு விலை வைத்தார்கள். இரண்டே முக்கால் நூற்றாண்டுக்குப் பின்னும் அந்த விலை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. தொடக்க மேடையில் அடித்த அடி ஒன்று, தண்டம் ஒன்று. திரும்பி வந்து அடிப்பது மூன்றாம் அடி.

எவ்வளவு நேரம் தேடலாம்? ஐந்து நிமிடம் என்று நெடுங்காலம் இருந்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் இணைந்து 2019-இல் நடைமுறைப்படுத்திய திருத்தத்தில் அது மூன்று நிமிடமாகக் குறைந்தது. ஆட்டக்காரரோ அவருடைய துணையாளோ தேடத் தொடங்கும்போதுதான் கணக்கும் தொடங்கும். வேடிக்கை பார்ப்பவர்கள் முன்னதாகத் தேடினால் அது கணக்கில் சேராது. மூன்று நிமிடம் கடந்த அடுத்த நொடியில் பந்து கண்ணில் பட்டாலும், அது தொலைந்த பந்தே. அதை எடுத்து ஆடினால் பிறிதொரு பந்தை ஆடிய தண்டம் வந்து சேரும்.

இங்கே ஒரு நடைமுறைத் தொல்லை. நானூறு கெஜம் நடந்துபோய்த் தேடி, கிடைக்காமல், மீண்டும் தொடக்க மேடைக்குத் திரும்பினால் பின்னால் வருபவர்களின் ஆட்டம் நின்றுபோகும். ஆகவே விதி ஒரு வழி வகுத்தது. பந்து தொலைந்திருக்கலாம், அல்லது எல்லைக்கு வெளியே போயிருக்கலாம் என்ற ஐயம் எழும்போதே, அதே இடத்திலிருந்து இன்னொரு பந்தை முன்கூட்டி அடித்துவைக்கலாம். முதற் பந்து கிடைத்தால் இது கைவிடப்படும். கிடைக்காவிட்டால் இதுவே ஆட்டப் பந்தாகும்.

ஆனால் அடிப்பதற்கு முன் ஒரு சொல் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் அது ‘புரொவிஷனல்’. அந்தச் சொல்லைச் சொல்லலாம். அல்லது அதே நோக்கத்தை வேறு வகையில் ஐயமறப் புலப்படுத்தலாம். ‘இன்னொன்று அடிக்கிறேன்’, ‘மறுபடி ஆடுகிறேன்’ என்பவை போதா. சொல்லாமல் அடித்துவிட்டால், இரண்டாம் பந்தே அக்கணம் முதல் ஆட்டப் பந்து. முதற் பந்து புல்வெளியின் நட்டநடுவே எல்லோரும் காணும்படி கிடந்தாலும் பயனில்லை. கேட்க எவரும் அருகில் இல்லையென்றால், அடித்துவிட்டு, இயன்றபோது ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று அந்தத் தனிமைக்கும் விதி இடம் வைத்திருக்கிறது.

இந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘மாற்றுப் பந்து’ என்றால் பிழை, மாற்றிவிட்டதாகவே பொருள்படும். ‘தற்காலிகப் பந்து’, ‘இடைக்காலப் பந்து’ என்பவை சற்று நெருங்குகின்றன. எனினும் இடைக்காலத் தடை என்பது என்றேனும் முடிந்தே தீர வேண்டியது; இந்தப் பந்தோ நிலைத்துவிடவும் கூடும். இதன் உயிர், காணாமற்போன வேறொன்றின் கையில் இருக்கிறது. ‘ஒருவேளைப் பந்து’ என்று சொல்லிப் பார்த்தேன். ஐயமும் நம்பிக்கையும் அதில் சேர்ந்தே ஒலிக்கின்றன. இதைவிடச் சிறந்த சொல் கவிஞர்களிடம் இருந்தால் ஏற்றுக்கொள்வேன்.

சொல்லுக்கு இவ்வளவு ஆற்றல் கொடுத்த விதி, அடுத்த அடியிலேயே அதைப் பறித்துக்கொள்கிறது. முதற் பந்து முட்புதரில் சிக்கியிருக்கலாம். ஒருவேளைப் பந்து அழகான இடத்தில் விழுந்திருக்கலாம். அப்போது ‘என் முதற் பந்து தொலைந்ததாக அறிவிக்கிறேன்’ என்று சொல்லத் தோன்றும். அந்த அறிவிப்புக்கு எந்த மதிப்பும் இல்லை. ஒரு பந்தைச் சொல்லால் தொலைக்க முடியாது. தேட வேண்டாம் என்று ஆட்டக்காரர் கேட்டுக்கொள்ளலாம். மற்றவர்கள் அதற்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். எதிராளி புதருக்குள் புகுந்து உரிய நேரத்துக்குள் கண்டுபிடித்துவிட்டால், முட்புதரே கதி. இதிலிருந்து தப்பும் வழி ஒன்றுதான்: முதற் பந்து கிடக்கும் என்று கருதப்படும் இடத்தைவிடக் குழிக்கு அருகிலுள்ள இடத்திலிருந்து ஒருவேளைப் பந்தை அடித்துவிட வேண்டும். அதற்குள் பழைய பந்து கிடைக்காதிருந்தால், அந்தச் செயல் அதன் உயிரை முடிக்கிறது.

ஆக, விளைவு தெரியுமுன் பிறர் அறியச் சொன்ன சொல் ஆட்டத்தையே கட்டுகிறது. தனக்கு ஆதாயம் எது என்று கண்ட பின் சொன்ன சொல் காற்றோடு போகிறது. வள்ளுவர் வாய்மையை அறத்துப்பாலிலும் சொல்வன்மையைப் பொருட்பாலிலும் வைத்தார். அவ்விரண்டும் சந்திக்கும் ஓர் இடத்தை இந்த விதியில் காண்கிறேன்.

இதை மீறினால் எப்படியிருக்கும் என்பதை ‘கோல்ட்ஃபிங்கர்’ திரைப்படம் 1964-இல் வேடிக்கையாகக் காட்டியது. ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமக்கும் துணையாளுக்கு ‘கேடி’ என்று பெயர். வில்லனின் கேடி, தன் கால்சட்டைக்குள்ளிருந்து ஒரு புதுப் பந்தை நழுவவிட்டு, தொலைந்த பந்து கிடைத்துவிட்டதாகக் காட்டுகிறான். ஜேம்ஸ் பாண்டின் கேடியோ, உண்மையான பந்தின்மேல் காலை வைத்து நின்றுகொண்டிருக்கிறான். தமிழில் அந்தச் சொல்லுக்குள்ள பொருள் அந்த ஒரு காட்சியில் இருவருக்குமே பொருந்திவிடுகிறது!

உண்மை ஆட்டங்களில் விலை பெரிது. 2003-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சாண்ட்விச் நகரில் நடந்த ஓப்பன் போட்டியில், டைகர் வுட்ஸ் முதல் நாள், முதல் குழியில் அடித்த முதல் அடியே உயர்ந்த புல்லுக்குள் போய்த் தொலைந்தது. நான்கு அடிகளில் முடிக்க வேண்டிய குழி அவருக்கு ஏழு அடியாயிற்று. போட்டி முடிவில் அவர் வென்றவரைவிட இரண்டே அடி பின்தங்கியிருந்தார். பந்தைத் தொலைத்த ஆட்டமன்று எனினும், 1925-ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியையும் சொல்ல வேண்டும். புல்லுக்குள் தம் பந்து சற்றே அசைந்தது என்று பாபி ஜோன்ஸ் தாமே சொல்லி ஓர் அடித் தண்டத்தை ஏற்றார். முடிவில் வில்லி மெக்ஃபார்லேனுடன் சமநிலை. அடுத்து நடந்த தனிப்போட்டியில் ஜோன்ஸ் தோற்றார். அந்த ஓர் அடி இல்லாதிருந்தால் சமநிலையே வந்திராது.

இவ்வளவு கடுமை வேண்டுமா என்று கேட்பவர்களும் உண்டு. பொழுதுபோக்காக ஆடுபவர்களுக்கென்று 2019 முதல் ஓர் இளக்கம் இருக்கிறது. விரும்பும் கழகங்கள் அதைத் தங்கள் உள்ளூர் விதியாக ஏற்கலாம். திரும்பிப்போகாமல், பந்து தொலைந்த இடத்துக்கு அருகிலேயே, இரண்டு அடித் தண்டத்துடன் ஆட்டத்தைத் தொடரலாம். ஆனால் ஒருவேளைப் பந்தை ஏற்கெனவே அறிவித்து அடித்தவருக்கு அந்தச் சலுகை இல்லை. சொன்ன சொல் அங்கேயும் கட்டுகிறது.

அன்பர்களே, பத்தாண்டுகளாக நாம் ஒருவர் கவிதையை ஒருவர் கேட்டு வருகிறோம். ஒரு கவிஞருக்குப் பரிசு கிடைத்த மறுநாள், ‘நான் அன்றே நினைத்தேன்’ என்று சொல்பவர்கள் எந்த வட்டத்திலும் பலர். அன்றே சொன்னவர் யார் என்பதுதான் கேள்வி. பெயரறியாத ஒருவர் தம் முதற் கவிதையை வாசித்து அமர்ந்ததும், பிறர் முகத்தைப் பார்க்காமல், நன்று என்றோ நன்றன்று என்றோ சொல்லும் சொல்லுக்கு விலை உண்டு. பொய்த்துப்போனால் சொன்னவர் அதைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும். அடுத்த பத்தாண்டுகளில் நம் கூட்டங்களில் அத்தகைய சொற்கள் பெருகட்டும் என்று வாழ்த்துகிறேன்.