இடாப்பில் இல்லாத பெயர்கள்: கொலம்பியாவின் காட்டு விலங்குகள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



"நீங்கள் விலங்கியல் படித்தவ. ஏதாவது மிருகங்களைப் பற்றிப் பேசுங்கோ, பிள்ளைகளும் விருப்பமாகக் கேட்பினம்" என்று விழாக் குழுவினர் சொன்னார்கள். உடனே எனக்கு எங்கள் விலங்கியல் ரீச்சர்தான் நினைவுக்கு வந்தார். ஆய்வுகூட யன்னலுக்கு வெளியே ஏதாவது பறந்தால், "அது என்ன?" என்று கேட்பார். "ஒரு குருவி, ரீச்சர்" என்போம். "என்ன குருவி? உமக்கு இடாப்பிலே ஒரு பெயர் இருக்குத்தானே, அதுக்கு இல்லையோ?" என்பார். அன்று அது எங்களுக்குப் பெரிய கரைச்சலாக இருந்தது. அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்கியது. அதை எனக்கு விளங்கவைத்தவை கொலம்பியா என்ற நாட்டின் விலங்குகள். இன்று அவற்றில் சிலவற்றை உங்களுக்கு அறிமுகம் செய்யலாம் என்று நினைக்கிறேன்.

கொலம்பியா தென்னமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ளது. பரப்பளவில் இலங்கையைப் போல ஏறத்தாழ 17 மடங்கு. ஒரு பக்கம் பசுபிக் சமுத்திரம், மறு பக்கம் கரீபியன் கடல், தெற்கே அமேசன் காடு. நடுவே அந்தீஸ் மலை மூன்று தொடர்களாகப் பிரிந்து நிற்கிறது. குளிர்ந்த மலையுச்சியில் வாழும் பிராணி, இடையில் உள்ள வெப்பமான பள்ளத்தாக்கைக் கடந்து அடுத்த மலைக்குப் போகாது. இப்படித் தனித்தனியே பிரிந்து வாழ்ந்தவை காலப்போக்கில் தனித்தனி இனங்களாகின. அதனால்தான் அங்கே 1,900க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இருக்கின்றன. உலகில் வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை.

அந்த நாட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. அரை நூற்றாண்டுக்கு மேலாக அங்கே உள்நாட்டுப் போர் நடந்தது. பல காடுகளுக்குள் ஆராய்ச்சியாளர்கள் கால் வைக்கவே முடியவில்லை. 2016இல் அரசுக்கும் மிகப் பெரிய ஆயுதக் குழுவுக்கும் இடையே சமாதான ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதன் பின்னர் விஞ்ஞானிகள் அந்தக் காடுகளுக்குள் போய் உயிரினங்களைப் பதிவுசெய்யத் தொடங்கினார்கள். முன்னாள் போராளிகள் சிலரும் பயிற்சி பெற்று அவர்களோடு சேர்ந்து கணக்கெடுத்தார்கள். அதே வேளையில், துப்பாக்கிகள் போன இடங்களுக்கு மரம் வெட்டும் வாள்களும் மாட்டுப் பண்ணைகளும் வந்தன. காடழிப்பும் கூடியது. இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

முதலில் ஒரு சின்னப் பிராணியின் கதை. அதன் பெயர் ஒலிங்கிட்டோ. செம்பழுப்பு மயிர், வட்டமான முகம், பெரிய கண்கள், நீண்ட வால். எடை ஒரு கிலோகிராமுக்கும் குறைவு. கொலம்பியாவிலும் எக்குவடோரிலும், எப்போதும் மூடுபனி தங்கி நிற்கும் மலைக்காடுகளில் வாழ்கிறது. பகலெல்லாம் மரத்திலேயே உறங்கி, இரவில் எழுந்து அத்திப்பழம் போன்றவற்றைத் தேடித் தின்னும். ஒரு தடவையில் ஒரு குட்டிதான்.

இந்தப் பிராணியின் தோல்களும் மண்டையோடுகளும் பல பத்தாண்டுகளாக அமெரிக்க நூதனசாலைகளின் இழுப்பறைகளில் கிடந்தன. எல்லாவற்றிலும் "ஒலிங்கோ" என்ற வேறொரு பிராணியின் பெயர்தான் எழுதியிருந்தது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த கிறிஸ்தோபர் ஹெல்கன் என்ற விஞ்ஞானி சிக்காகோவில் ஓர் இழுப்பறையைத் திறந்தபோது, அந்தத் தோல்களின் சிவந்த நிறம் அவரை நிறுத்தியது. பற்களைப் பார்த்தார், மண்டையோட்டை அளந்தார், மரபணுவைச் சோதித்தார். பிறகு காட்டுக்கே போய் உயிருள்ள பிராணியையும் கண்டார். 2013 ஓகஸ்ட் மாதம் அது புதிய இனம் என்று உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

எனக்கு இந்தக் கதையில் மறக்க முடியாதது ரிங்கர்ல் என்ற பெண் ஒலிங்கிட்டோ. கொலம்பியாவில் பிடிக்கப்பட்ட அதை 1960களிலும் 70களிலும் அமெரிக்காவின் மிருகக்காட்சிசாலைகளில் வைத்திருந்தார்கள். ஒலிங்கோ என்று நினைத்து, ஆண் ஒலிங்கோக்களோடு சேர்த்து விட்டார்கள். அது அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இங்கே சரிவரவில்லை என்று இன்னொரு மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பினார்கள். அங்கேயும் அப்படித்தான். அது பொல்லாத பிராணி என்றே எல்லோரும் நினைத்திருக்கவேண்டும். உண்மையில் அதன் பக்கத்தில் விட்டவை அதன் இனமே அல்ல. தவறான பெயரோடு வாழ்ந்து, தன் இனத்தில் ஒன்றையும் மீண்டும் காணாமலே அது செத்துப்போனது. ரீச்சரின் "என்ன குருவி?" என்ற கேள்வி எனக்கு முழுதாக விளங்கியது இந்தக் கதையை வாசித்த அன்றுதான்.

அடுத்தது தித்தி என்று அந்த ஊர் மக்கள் அழைக்கும் சிறு குரங்கு. கொலம்பியாவின் வடமேற்குப் பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. அரைக் கிலோகிராமுக்கும் குறைந்த உடல். தலையில் மட்டும் வெள்ளைப் பஞ்சை வைத்ததுபோல நீண்ட மயிர். குடும்பமாக வாழும். தாய் பெரும்பாலும் இரட்டைக் குட்டிகளை ஈனும். பால் குடிக்கும் நேரம் தவிர, குட்டிகளைச் சுமப்பது தகப்பனும் அண்ணன்மாரும் அக்காமாரும். இங்கே இருக்கும் தாய்மார் சிலர் சிரிப்பது எனக்குத் தெரிகிறது.

1960களின் பிற்பகுதியிலும் 70களின் தொடக்கத்திலும் மட்டும் 20,000 முதல் 40,000 வரையான தித்திகள் ஐக்கிய அமெரிக்காவுக்கு மருத்துவ ஆராய்ச்சிக்காக ஏற்றுமதி செய்யப்பட்டன. கூட்டில் அடைபட்ட தித்திகளுக்குப் பெருங்குடல் அழற்சியும் புற்றுநோயும் தானாகவே வந்தன. மனிதருடைய அந்த நோயை ஆராய அவை வசதியாக இருந்தன. 1970களின் நடுப்பகுதியில் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. அதற்குள் காடும் பெரும்பாலும் போய்விட்டது. பின்னர் நடந்த கணக்கெடுப்பு ஒன்றில், காட்டில் ஏறத்தாழ 7,400 தித்திகளே மிஞ்சியிருப்பதாக மதிப்பிட்டார்கள்.

ஆன் சவேஜ் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி 1980களில் இந்தக் குரங்குகளைத் தேடிக் காட்டுக்குப் போனார். ஒன்றிலிருந்து ஒன்றை எப்படி அடையாளம் காண்பது? அவருடைய குழுவினர் அவற்றின் வெள்ளை மயிரில் தலைச்சாயம் பூசி விட்டார்கள்! சாயம் பூசிய இடத்தை வைத்து, இது இன்ன குடும்பத்தின் இன்ன தித்தி என்று குறித்துக்கொண்டார்கள். இப்படித் தொடங்கிய வேலை இன்று கொலம்பியர்களின் கையில் இருக்கிறது. அதை நடத்துபவர் றோசமிறா கியேன். கட்டடக்கலை படித்த பெண்மணி.

காட்டோரக் கிராமங்களில் விறகுக்காக மரம் வெட்டப்படுவதைக் கண்டு, குறைந்த விறகில் எரியும் களிமண் அடுப்பை அவர்கள் ஊக்குவித்தார்கள். வேலை இல்லாத பெண்களிடம், தெருவிலே கிடந்த பிளாஸ்டிக் பைகளைக் கழுவி, நறுக்கி, நூலாக்கி, பின்னல் ஊசியால் தோள்பை பின்னச் சொன்னார்கள். ஒரு தோள்பைக்கு நூறுக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் பைகள் முடிந்துவிடும். தோள்பை விற்ற காசு வீட்டுக்கு வந்தது. காட்டில் கை வைக்கவேண்டிய தேவை குறைந்தது. ஒரு குரங்கைக் காக்க அடுக்களையிலிருந்தும் பின்னல் ஊசியிலிருந்தும் தொடங்கலாம் என்பதைப் பெண்கள் நிறைந்த இந்தச் சபையில் சொல்ல எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இனி ஒரு தவளை. பிள்ளைகள் காது கொடுங்கோ. பசுபிக் கரையோர மழைக்காட்டில் ஐந்து சென்ரிமீற்றர் நீளமான, பொன் மஞ்சள் நிறத் தவளை ஒன்று இருக்கிறது. அதன் தோலில் உள்ள நஞ்சு பத்துப் பேரைக் கொல்லப் போதும் என்கிறார்கள். எம்பெறா என்ற பழங்குடி மக்கள் வேட்டைக்குப் போகுமுன், ஊதுகுழல் அம்பின் நுனியை அதன் முதுகில் தேய்த்து எடுப்பார்கள். 1978இல் விஞ்ஞானிகள் அதற்கு இட்ட பெயரின் பொருளே "பயங்கரமானது" என்பதுதான். ஆனால் இதே தவளையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து இனம் பெருக்கினால், பிறக்கும் குஞ்சுகளில் நஞ்சு துளியும் இல்லை. நஞ்சு அதன் சொந்தச் சொத்தல்ல. அந்தக் காட்டில் அது தின்னும் சிறு பூச்சிகளிடமிருந்து சேர்வது. காட்டை விட்டு எடுத்தால், பார்வைக்கு அதே தவளைதான், ஆனால் அது அதுவாக இருப்பதில்லை.

தெற்கே அமேசனில் இளஞ்சிவப்பு நிற ஆற்று டொல்பின் வாழ்கிறது. கடல் டொல்பின்களில் பெரும்பாலானவை போலன்றி இது கழுத்தைப் பக்கவாட்டில் திருப்பும். மழைக்காலத்தில் ஆறு பெருகிக் காட்டுக்குள் புகும்போது, மூழ்கிய மரங்களுக்கிடையே வளைந்து நெளிந்து நீந்த அது உதவுகிறது. திருவிழா இரவுகளில் இந்த டொல்பின் தொப்பி போட்ட அழகிய வாலிபனாகக் கரையேறி இளம்பெண்களை மயக்கும் என்று ஆற்றங்கரை மக்கள் கதை சொல்வார்கள். பெர்னாண்டோ துருஹியோ என்ற கொலம்பிய விஞ்ஞானி ஆற்றிலேயே கிடந்து டொல்பின்களை ஆராய்ந்ததைக் கண்ட திக்குனா மக்கள், மனிதனாக மாறிய டொல்பின் என்ற கருத்தில் அவரை "ஒமாச்சா" என்று அழைத்தார்கள். அவர் அந்தப் பெயரையே தம் நிறுவனத்துக்கும் வைத்துக்கொண்டார். டொல்பின்களைக் கொன்று, அந்த இறைச்சியை இரையாகப் போட்டு ஒருவகை மீனைப் பிடித்தார்கள். அந்த மீனில் பாதரசம் மிகுந்திருப்பதை அவரும் மற்றவர்களும் எடுத்துக்காட்டினார்கள். 2017இல் கொலம்பியா அந்த மீன் வியாபாரத்தைத் தடைசெய்தது.

கடைசியாக, கொலம்பியாவுக்குச் சொந்தமே இல்லாத ஒரு விலங்கு. போதைப்பொருள் கடத்தலில் பெயர்போன பப்லோ எஸ்கோபார் 1980களில் தன் பண்ணைக்கு நான்கு நீர்யானைகளைக் கொண்டுவந்தான். 1993இல் அவன் கொல்லப்பட்ட பின், மற்ற மிருகங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். நீர்யானைகளை ஏற்ற முடியாமல் விட்டுவிட்டார்கள். வரட்சியும் இல்லை, எதிரியும் இல்லை. மக்தலேனா ஆற்றுப் பக்கமாகப் பரவி இன்று ஏறத்தாழ 200 ஆகிவிட்டன. அவற்றின் சாணத்தால் குளங்களின் நீர் கெடுகிறது. அங்கேயே பிறந்து வளர்ந்த கடற்பசுவுக்கும் நீர்நாய்க்கும் ஆபத்து. 2009இல் பெப்பே என்று பெயரிட்ட ஒரு நீர்யானை சுடப்பட்டபோது நாடே கொதித்தது. 2021இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று இந்த நீர்யானைகளை, வழக்கில் அக்கறையுள்ள "ஆட்களாக" ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு கொலம்பிய அரசு அவற்றை ஆக்கிரமிப்பு இனமாக அறிவித்தது. இப்போது பெரும் செலவில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்கிறார்கள். நீர்யானையில் குற்றமில்லை. அது கேட்டு வரவில்லை. ஆனால் நான் யோசிப்பது இதைத்தான்: நீர்யானைக்குப் பெயர் இருந்தது, படம் இருந்தது, வழக்கறிஞரும் இருந்தார். அதே ஆற்றுக் கடற்பசுவுக்காக ஊர்வலம் போக ஒருவரும் வரவில்லை. அதை ஒருவருக்கும் தெரியாது.

அன்பானவர்களே, இந்த மலருக்காகப் பழைய மாணவிகளின் பெயர்களைத் திரட்டியபோது, இடம்பெயர்வுகளில் தொலைந்துபோன வரவு இடாப்புகளை எண்ணி நாங்கள் பட்ட கவலை உங்களுக்குத் தெரியும். ஞாபகத்திலிருந்து ஒருவர் ஒரு பெயர் சொல்ல, கனடாவிலிருந்து இன்னொருவர் ஒரு பெயர் சொல்ல, வகுப்பு வகுப்பாகச் சேர்த்தோம். ஒரு பெயர் கிடைத்ததும் அந்தப் பிள்ளை இருந்த வாங்கும் ஞாபகம் வந்தது. இன்னும் கிடைக்காத பெயர்கள் உண்டு.

ஆகவே சங்கத்திடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். நூற்றாண்டின் நினைவாகக் கட்டடம் எழும்பட்டும். அதோடு சேர்த்துப் பிள்ளைகளுக்கு நாலைந்து தொலைநோக்கிகளும், நல்ல தடித்த ஓர் இடாப்பும் வாங்கிக் கொடுப்போம். இந்தப் பாடசாலை வளவில் வாழும் புலுனி, செண்பகம், மரங்கொத்தி, கீரி, தவளை, வண்ணத்துப்பூச்சி எல்லாவற்றையும் அவர்கள் கண்ட திகதியோடு அதில் எழுதட்டும். ஆண்டுதோறும் அடுத்த வகுப்பிடம் கையளிக்கட்டும். என்றாவது ஒன்று வரவில்லை என்றால், அது வரவில்லை என்பதாவது எங்களுக்குத் தெரியவரும்.

ரீச்சர் இன்று எங்களோடு இல்லை. இருந்திருந்தால், இந்தப் பேச்சை முடிக்க விட்டிருக்கமாட்டார். அந்த வேப்பமரத்தில் இவ்வளவு நேரமும் கத்திக்கொண்டிருந்தது என்ன குருவி என்று என்னை எழுப்பிக் கேட்டிருப்பார். அது கொண்டைக்குருவி, ரீச்சர்.