காதால் அளக்கும் தூரம்



கம்போங் ராஜா மலைச்சரிவில், மூடுபனி இறங்கிய காலை நேரத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் நமக்கு, பத்தடிக்கு அப்பால் நிற்பவர் முகம் தெரிவதில்லை. ஆனாலும் சிம்பாங் பூலாய் சாலையில் காய்கறி லோரி வருகிறது என்றால், அது எந்தப் பக்கம் வருகிறது, கிட்டத்தில் வருகிறதா, எட்டத்தில் வருகிறதா என்று காதே சொல்லிவிடுகிறது. கண்ணுக்குப் புலப்படாத தூரத்தைக் காது எப்படி அளக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், கடையில் ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு விற்கும் பாட்டுப் பெட்டிகளைப் பற்றியும் ஒரு தெளிவு பிறக்கும்.

"இந்தப் பெட்டியில் கேட்டால் பாடகர் முன்னால் நிற்பார், வயலின் அவருக்குப் பின்னால் கேட்கும், மிருதங்கம் இன்னும் பின்னால் கேட்கும்" என்கிறார் கடைக்காரர். அவர் சொல்வது முழுப் பொய்யல்ல. முழு உண்மையும் அல்ல. எது எவ்வளவு என்பதை இன்று சேர்ந்து பார்ப்போம்.

முதலில் திசை. நமக்கு வலப்பக்கத்திலிருந்து வரும் ஓசை, வலக்காதுக்கு முந்தியும் இடக்காதுக்குப் பிந்தியும் சேர்கிறது. ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 340 மீட்டர் ஓடும். ஆகவே இரண்டு காதுகளுக்கும் இடையே விழும் நேர வித்தியாசம், மிக அதிகமாகப் போனாலும், ஒரு விநாடியை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்குகூட இல்லை. அந்த நூலிழை வித்தியாசத்தையும் மூளை கண்டுகொள்கிறது. தவிர, தலை மறைப்பதால் தூரக்காதில் கீச்சு ஓசைகள் சற்றுக் குறைந்து கேட்கும். நேரம், அளவு ஆகிய இந்த இரண்டு அடையாளங்களையும் 1907-ஆம் ஆண்டில் இங்கிலாந்து விஞ்ஞானி ரேலி பிரபு விளக்கி எழுதினார்.

அடுத்தது தூரம். இது திசையைவிடக் கடினமான கணக்கு. இதற்குக் காது மூன்று அடையாளங்களைத் தேடுகிறது. முதலாவது, ஓசையின் அளவு. எட்டத்து ஓசை சிறுத்துக் கேட்கும். இரண்டாவது, கீச்சுப் பகுதி. காற்று வழியே வெகுதூரம் வரும்போது கூர்மையான ஓசைகள் முதலில் தேய்ந்துவிடும். கோவில் திருவிழாவில் உறுமி மேளத்தின் பக்கத்தில் நின்றால், தோலில் குச்சி உரசும் ஓசைகூடக் காதில் விழும். அடுத்த குன்றிலிருந்து கேட்டால் 'தொம் தொம்' என்ற முழக்கம் மட்டுமே மிஞ்சும். மூன்றாவது, நேராக வரும் ஓசைக்கும், சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் ஓசைக்கும் உள்ள விகிதம். காதருகே ஒருவர் பேசினால் நேர் ஓசையே மிகுந்திருக்கும். அவரே மண்டபத்தின் கடைக்கோடியில் நின்று பேசினால் திரும்பும் ஓசை மிகுந்துவிடும். கட்டடத்துக்குள் தூரம் அறிய இதுவே தலையாய அடையாளம்.

இனி பாட்டுக்கு வருவோம். ஒரே ஒலிவாங்கியைக் கொண்டு பதிவு செய்த அந்தக் காலப் பாடல்களில் இடம், வலம் கிடையாது. ஆனாலும் ஆழம் உண்டு. பாடகரை ஒலிவாங்கிக்கு அருகில் நிறுத்தி, வாத்தியக்காரர்களை அவரவர் ஓசைக்குத் தக்கபடி தள்ளித் தள்ளி அமர்த்துவார்கள். அந்தத் தூரம் அப்படியே பதிவில் ஏறிவிடும்.

இரண்டு காதுக்கு இரண்டு தனி ஓசை தரும் ஸ்டீரியோ முறைக்கு, 1931-இல் இங்கிலாந்துப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். தமிழ்த் திரையில் ஸ்டீரியோவில் பாடல்கள் பதிவான முதல் படம் என்று பெயர் பெற்றது 1978-இல் வந்த 'ப்ரியா'. இசை இளையராஜா. பக்கத்து நாடான சிங்கப்பூரில் நடக்கும் கதை அது. அதன் பாடல்களை இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு நடுவில் அமர்ந்து கேட்டால், வாத்தியங்கள் இடமும் வலமுமாக விரிவது புலப்படும்.

பிறகு, மண்டபமே இல்லாமல் மண்டபத்து முழக்கத்தைச் செய்யவும் கற்றுக்கொண்டார்கள். பெரிய இரும்புத் தகட்டை அதிரவைத்து அந்த முழக்கத்தை உண்டாக்கினார்கள். 1976 முதல் டிஜிட்டல் கருவியும் அந்த வேலைக்கு வந்துவிட்டது. இங்கே ஒன்றை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆழம் என்பது பதிவு செய்தவர் பாட்டுக்குள் வைத்தது. பெட்டி அதைப் புதிதாகப் படைப்பதில்லை. கெடுக்காமல் கொடுத்தால் போதும்.

அப்படியானால் டிஜிட்டல் முறையால் என்ன நன்மை? 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டில், ஒலியின் அளவை விநாடிக்கு 44,100 தடவை அளந்து எண்களாக எழுதி வைக்கிறார்கள். ஒவ்வொரு அளவும் 65,536 படிகளில் ஏதோ ஒரு படியில் நிற்கும். நம் வீடுகளில் முன்பு சுழன்ற ஒலிநாடாவில் 'உஸ்ஸ்' என்ற இரைச்சல் ஓயாமல் இருந்தது. பாடகர் ஓர் அடியை முடித்ததும் மண்டபத்தில் கரைந்து மறையும் மெல்லிய ஓசையை அந்த இரைச்சல் விழுங்கிவிடும். அந்த மெல்லிய ஓசைதானே தூரத்துக்கு அடையாளம்? இரைச்சல் போனதும் அது காதில் விழுந்தது. ஆழம் தெளிந்தது. டிஜிட்டல் முறை ஆழத்துக்குச் செய்த பெரிய உபகாரம் இதுவே.

இந்த உபகாரம் இன்று மலிவான கருவிகளிலும் கிடைத்துவிடுகிறது. அதற்கு மேலும் விலை கொடுத்தால் மேலும் ஆழம் வருமா? அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் சோதித்துப் பார்த்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். உயர்தரத் தட்டின் ஓசையை அப்படியே ஒரு முறையும், குறுந்தட்டின் அளவுக்குச் சுருக்கி ஒரு முறையும் ஒலிக்கவிட்டு, எது எது என்று கேட்பவரையே சொல்லச் சொன்னார்கள். 554 சோதனைகளில் 276 விடைகள் சரியாக இருந்தன. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்தாலும் அவ்வளவுதான் வரும்.

அப்படியானால் வீட்டில் ஆழத்தை ஆக்குவதும் கெடுப்பதும் எது? ஒலிபெருக்கியும் அறையும்தான். ஒலிபெருக்கியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்தால், சுவரில் பட்ட ஓசை ஒரு விநாடியின் ஆயிரத்தில் இரண்டு பங்கு நேரத்துக்குள் திரும்பி வந்து நேர் ஓசையோடு கலந்துவிடும். ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் ஆறு பங்கு நேரம் ஆகும். அந்த இடைவெளி கூடக்கூட, பாட்டுக்குள் இருக்கும் தூர அடையாளங்களை மூளை தெளிவாகப் பிரித்தறியும். ஆகவே காசு செலவழிக்கும் முன் இவற்றைச் செய்து பாருங்கள். இரண்டு ஒலிபெருக்கிகளையும் நீங்கள் உட்காரும் இடத்தையும் சம முக்கோணமாக அமையுங்கள். ஒலிபெருக்கிகள் காது உயரத்தில் இருக்கட்டும். வெறும் சிமெந்துச் சுவரும் தகரக் கூரையும் உள்ள வீட்டில் ஓசை முட்டி மோதும். அங்கே தடித்த திரை, பாய், புத்தக அலமாரி எல்லாம் மருந்துபோல் வேலை செய்யும். ஒரே கூட்டுக்குள் அடங்கிய சின்னப் பெட்டியில் இரண்டு ஒலிபெருக்கிகள் இருந்தாலும், ஒன்றையொன்று ஒட்டி இருப்பதால் அகலம் வராது.

பெற்றோர்களே, 2025 பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலையுள்ள கருவியைத் தவணையில் வாங்கிவிட்டு, பள்ளிச் செலவுக்கும் மருந்துக்கும் கையைப் பிசையும் குடும்பத்துக்கு, அந்தப் பாட்டில் இனிமை இருக்குமா? வாங்கத்தான் வேண்டும் என்றால், கடையில் இப்படிச் சோதியுங்கள். இரண்டு கருவிகளையும் ஒரே ஒலிபெருக்கியில் இணைத்து, ஒரே பாட்டை, ஒரே சத்த அளவில் வைக்கச் சொல்லுங்கள். சத்தம் சற்றே கூடினாலும் அதுவே சிறந்தது என்று நம் மனம் ஏமாந்துவிடும். பிறகு நீங்கள் முதுகைத் திருப்பி நில்லுங்கள். மகன் பத்துத் தடவை மாற்றி மாற்றிப் போடட்டும். ஐந்தாறு தடவை மட்டும் சரியாகச் சொன்னால் அது வெறும் ஊகம். ஒன்பது, பத்து வந்தால் வித்தியாசம் மெய். விலைச்சீட்டைக் கண் பார்க்காதபோதுதான் காது நேர்மையாகச் சாட்சி சொல்லும்.

இறுதியாக, எந்தக் கடையிலும் விற்காத கருவி ஒன்று நம்மிடம் உண்டு. அதுதான் நம் இரண்டு காதுகள். ஆலை இயந்திரத்தின் இரைச்சல் நாளடைவில் செவியைக் கெடுக்கும்போது, கீச்சு ஓசைகளைக் கேட்கும் திறனே முதலில் போகும். 'ச', 'த' போன்ற எழுத்துகள் மங்கும். தூர அடையாளங்களும் கூடவே மங்கும். ஒரு காது கெட்டால் திசை தெரியாது. மூடுபனியில் லோரி எந்தப் பக்கம் வருகிறது என்று யாரைக் கேட்பது? நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டு விதிகள், எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபெல் என்று இரைச்சலுக்கு எல்லை வகுத்திருக்கின்றன. இயந்திரக் கூடத்தில் வேலை செய்வோர் செவிக்காப்பைக் கழற்றக் கூடாது. கைப்பேசியோடு காதுக்கருவி மாட்டும் பிள்ளைகளுக்கு, வாரம் 40 மணி நேரம், 75 டெசிபெல், அதற்கு மேல் வேண்டாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பக்கத்தில் நின்று சாதாரணமாகப் பேசுவது பிள்ளையின் காதில் விழவில்லை என்றால், சத்தம் மிஞ்சிவிட்டது என்று கொள்ளுங்கள்.

இன்று மாலை ஒரு சிறு சோதனை செய்யுங்கள். பிள்ளைகளின் கண்ணைத் துணியால் கட்டி, திடலில் ஆங்காங்கே நின்று கைதட்டுங்கள். ஓசை வந்த திசையைக் கை நீட்டிக் காட்டச் சொல்லுங்கள். அடுத்து ஒரு காதை மூடிக்கொண்டு காட்டச் சொல்லுங்கள். இரண்டு காதுகளின் விலை என்னவென்று அவர்களுக்கே விளங்கிவிடும். பெரியவர்கள் யாராவது தொடர்ந்து தவறாகக் காட்டினால், தாமதியாமல் கிளினிக்குக்கு அழைத்துச் சென்று செவியைச் சோதியுங்கள்.