கோடைக்கு ஒரு மழைக்கோட்டு



ஆங்கிலத்தில் 'சமர்' என்று சொல்லப்படும் பருவத்திற்கு நாங்கள் பள்ளிக்கூடத்தில் 'கோடை' என்று பொருள் எழுதினோம். தமிழில் 'சமர்' என்றால் போர். இந்த இரண்டு சொற்களில் எது பொருத்தமானது என்று யாரும் கேட்டால், நோர்வேயின் மேற்குக் கரையில் மூன்று கிழமை இருந்து வந்தவன் என்ற முறையில் இரண்டாவதையே நான் சிபாரிசு செய்வேன். கோடை என்றதும் எங்கள் மனதில் வருவது வற்றிய குளம், வெடித்த நிலம், வேலியோரத்தில் புழுதி. பேர்கன் நகரத்துக் கோடையோ கூரையிலிருந்து ஒழுகிக்கொண்டேயிருக்கிறது. மொழிபெயர்ப்பு செய்யும் நண்பர்கள் இதைக் கவனிக்கவேண்டும். சொல்லை மாற்றிப் போட்டால் வானமும் மாறிவிடுவதில்லை.

பேர்கனில் ஓர் ஆண்டில் 2,200 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. கொழும்பில் பெய்வதும் ஏறக்குறைய அந்த அளவுதான். 'அப்படியானால் எங்களுக்குப் புதிதா?' என்று நீங்கள் கேட்பீர்கள். புதிதுதான். எங்கள் மழை கோபக்காரன். வருவான், கொட்டுவான், ஒரு மணித்தியாலத்தில் வெயிலை விட்டுவிட்டுப் போவான். அந்த ஊர் மழை, வந்த விருந்தாளி எழும்பிப் போக மனமில்லாமல் இருப்பதுபோல இருந்துகொண்டேயிருக்கும். ஆண்டில் இருநூறு நாட்களுக்கு மேல் அங்கே மழை நாட்கள். 2006ஆம் ஆண்டு ஒக்ரோபர் கடைசியில் தொடங்கிய மழை, 2007 ஜனவரி வரை 85 நாட்கள் ஒரு நாளும் தவறாமல் பெய்திருக்கிறது.

காரணம் எங்களுக்குப் பழக்கமானதே. கடற்காற்று ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் மோதி மேலே எழுகிறது. எழுந்து குளிர்ந்து அந்தச் சுமையை இறக்குகிறது. தென்மேல் பருவக்காற்று இரத்தினபுரியை நனைத்துவிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் வெறுங்கையோடு போவதில்லையா? அதே கதைதான். ஸ்கொட்லாந்திலும் மேற்குக் கரையில் குடையும் கையுமாக நிற்பவர்கள், கிழக்கே எடின்பரோவுக்கு வந்தால் அதை மடக்கிவிடலாம். ஆகவே 'மழை நாடு' என்று முழு நாட்டையும் ஒரே பெட்டிக்குள் போடாமல், மலையின் எந்தப் பக்கம் போகிறோம் என்று பார்த்தே பெட்டி அடுக்கவேண்டும்.

குடை என்றேன். முதலில் அந்தக் குடையை வீட்டிலே வைத்துவிடுங்கள். அங்கே மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை. காற்றோடு சேர்ந்து பக்கவாட்டிலும் வருகிறது. நான் போன முதல் நாளே, தெருவோரக் குப்பைத்தொட்டியில் கம்பி முறிந்த குடைகள் செத்த வௌவால்கள்போலத் தலைகீழாகக் கிடக்கக் கண்டேன். குடைக்கு ஐரோப்பாவில் பெரிய மரியாதையும் இருந்ததில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜோனாஸ் ஹான்வே என்பவர் லண்டன் தெருக்களில் குடை பிடித்து நடந்தபோது ஊர் சிரித்தது. அதிகம் கோபித்தவர்கள் வண்டிக்காரர்களாம். ஆட்கள் நனையாமல் நடக்கத் தொடங்கினால் அவர்களுடைய பிழைப்பு என்னாவது? அதற்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே எங்கள் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், ஒரு தாளிப்பனை ஓலையின் கீழ்ப் பதினைந்து இருபது பேர் நனையாமல் நிற்கலாம் என்று எழுதிவிட்டார். 1681இல் வெளியான அவருடைய நூலில் ஓலை பிடித்த மனிதனின் படமும் உண்டு.

குடைக்குப் பதில் மழைக்கோட்டு. இதன் கதை கிளாஸ்கோவில் தொடங்குகிறது. 1823இல் சார்ள்ஸ் மக்கின்ரொஷ் என்ற இரசாயன வித்தகர், நிலக்கரிக் கழிவிலிருந்து எடுத்த நப்தாவில் றப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டிக் காப்புரிமை பெற்றார். தண்ணீர் புகாத துணி வந்துவிட்டது. ஆனால் அது குளிரில் பலகைபோல விறைத்தது, வெயிலில் பசைபோல ஒட்டியது, எந்நேரமும் நாறியது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறை 1840களில் வந்த பிறகே றப்பர் மனிதரோடு சேர்ந்து வாழக் கற்றுக்கொண்டது. அப்போதைய றப்பர் தென்னமெரிக்கக் காடுகளிலிருந்து போனது. எங்கள் கம்பஹா ஹேனரத்கொடைத் தோட்டத்திற்குக் கன்றுகள் வந்தது 1876இல்.

அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது தையற்காரர் பங்கு. நீர் புகாத துணியை அவர்கள் ஊசியால் தைத்தார்கள். ஊசித் துளை வழியே மழை உள்ளே வந்தது! இருநூறு ஆண்டுகள் கடந்தும் இது பொருந்தும். கோட்டு வாங்கும்போது உட்புறத்தைத் திருப்பித் தையலின்மேல் நாடா ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம்.

இன்னொரு சங்கடம் வியர்வை. வெளியே தண்ணீரைத் தடுக்கிற துணி உள்ளே வருகிற ஆவியையும் தடுக்கும். மேடேறினால் மழையில் நனையாமலே நனைந்துவிடுவோம். 1969இல் அமெரிக்காவில் பொப் கோர் என்பவர் ஒருவகைப் பிளாஸ்ரிக்கைச் சடாரென்று இழுத்து நீட்டி, மிக நுண்ணிய துளைகள் கொண்ட ஏடாக்கினார். நீர்த்துளிக்கு அந்தத் துளை சிறிது, நீராவிக்குப் பெரிது. 'கோர்ரெக்ஸ்' என்று கடைகளில் சொல்வது இதைத்தான். விலையைக் கேட்டால் இன்னொரு தடவை வியர்க்கும்.

இதையெல்லாம் நான் புத்தக ஆசையில் தேடியதாக நினைக்கவேண்டாம். 2017 யூலையில் எழுபத்தாறு வயது அம்மாவைக் கூட்டிக்கொண்டு பேர்கனுக்குப் போகவேண்டியிருந்தது. அக்காவை அம்மா கண்டு பத்தொன்பது வருடம். அக்காவின் பிள்ளைகளைப் படத்தில் மட்டுமே கண்டவர். அம்மாவுக்குத் தொய்வு. ஈரக் குளிர் பட்டால் இரவிரவாக இழுக்கும். யூலையிலே அங்கே சராசரி வெப்பம் 15 பாகை. மழை நாளில் அதுவுமில்லை. நனைந்த பருத்தித் துணி உடலோடு ஒட்டிக்கொண்டால், காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலான வேகத்தில் தண்ணீர் எங்கள் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஊரில் இது சுகம். அங்கே ஆஸ்பத்திரி.

விமானத்தில் ஆளுக்கு முப்பது கிலோ. அம்மாவின் பெட்டியில் ஒடியல் மா, மிளகாய்த்தூள், பனங்கட்டி, புழுக்கொடியல். இரண்டு பேருக்கும் மழைக்கோட்டு, கம்பளி உள்ளுடுப்பு, முழங்கால் வரை வருகிற றப்பர்ச் சப்பாத்து என்று நான் அடுக்க, அம்மா ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார்.

"தம்பி, அங்கை இருக்கிற சனம் என்ன மழையிலை கரைஞ்சே போச்சுது?"

"அம்மா, அவையள் எல்லாரும் இதைத்தான் போடுகினம்."

"அவையள் சீலை உடுக்கிறேல்லை. நான் காற்சட்டையோடை பேரப்பிள்ளையளுக்கு முன்னாலை போய் நிக்கமாட்டன்."

இந்த வாதத்துக்கு மறுமொழி இல்லை. அவர் சேலையை விடப்போவதில்லை, நான் மழையை நிறுத்தப்போவதில்லை. நூற் சேலையின் கரை நிலத்தில் பட்டால் விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல ஈரத்தை முழங்கால் வரை இழுக்கும். அம்மா இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் அலுமாரியின் அடித்தட்டிலிருந்து இரண்டு பழைய நைலெக்ஸ் சேலைகளை எடுத்தார். எழுபதுகளில் ஐயா வாங்கிக்கொடுத்தவை. "இது நனைஞ்சாலும் உதறிவிட்டால் காஞ்சுபோம்" என்றார். உண்மைதான், இன்றைய மலையேறிகள் பெரும் விலை கொடுத்து வாங்குவதும் அந்த இனத்து நூலையே. உள்ளே கம்பளிக் காற்சட்டை, அதன்மேல் கணுக்கால் தெரிய உயர்த்திக் கட்டிய நைலெக்ஸ், மேலே தலைவழியே போடுகிற அகலமான மழைப் போர்வை. கோட்டைவிட இந்தப் போர்வை சேலைக்கு நல்லது. கொசுவமும் முந்தானையும் உள்ளே அடங்கும், காற்றும் நுழையும். வயதான பெண்களை அழைத்துப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பளி எதற்கு என்றால், அது தன் எடையில் ஏறக்குறைய முப்பது வீதம் ஈரத்தை வாங்கிய பின்னரும் உடம்பில் குளிராது.

பத்துப்பாட்டிலே நெடுநல்வாடையைப் படித்தவர்களுக்கு, வாடை மழையில் நடுங்கித் தீக்காயும் கோவலர் நினைவுக்கு வருவர். அதே பாட்டில், மது மயக்கத்தில் தூறலைப் பொருட்படுத்தாமல் ஆடை தொங்கத் தெருவில் திரிகிறவர்களும் வருகிறார்கள். நக்கீரர் இரண்டு வகையினரையும் கண்டிருக்கிறார். பேர்கன் மீன்சந்தையில் நானும் கண்டேன், ஆனால் இரண்டாம் வகையினர் எல்லாரும் உல்லாசப் பயணிகள்.

அக்கா வீட்டு வாசலில் எட்டுச் சோடி றப்பர்ச் சப்பாத்துகள் வரிசையாக நின்றன. எண்பதுகளில் நோர்வேயின் வடகோடி மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்த எங்கள் பிள்ளைகளில் அத்தானும் ஒருவர். அவர் அந்த நாட்டிலே முதற் சம்பளத்தில் வாங்கிய பொருள் சப்பாத்துத்தானாம். "கால் காஞ்சிருந்தால் மிச்சத்தைத் தாங்கலாம்" என்றார். அதனால் காலுறை மட்டும் கணக்குப் பார்க்காமல் வையுங்கள். நாளுக்கு இரண்டு சோடி. ஸ்கொட்லாந்துப் பக்கம் போகிறவர்கள் முகத்துக்கு ஒரு சிறு வலையும் வைக்கவேண்டும். மழை விட்டுக் காற்று ஓய்ந்த நேரத்தில் அங்கே ஒரு சிறு கடிபூச்சி கூட்டமாகக் கிளம்பும். மழையே மேல் என்று நினைக்க வைக்கும்.

ஒடியல் மாவில் பாதி வீட்டிலே நின்றுவிட்டது. மீதியில் அக்கா கூழ் காய்ச்சினார், நண்டுக்குப் பதிலாக அந்த ஊர் மீனைப் போட்டு. அம்மாவுக்கு மூன்று கிழமையில் ஒரே ஓர் இரவு மட்டும் இழுத்தது. மற்ற நாட்களில் பத்து வயதுப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, மழைப் போர்வை காற்றில் படபடக்க, மலைப்பக்கத்து ஏற்றத் தெருவில் நடந்தார். இரவு பத்தரை மணிக்கும் அங்கே வெளிச்சம். பேத்திக்குத் தமிழ் குறைவு, அம்மாவுக்கு நோர்வே மொழி இல்லை. இரண்டு பேரும் மழையைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டு போனார்கள்.