அவர்களாகத்தான் வந்தார்களா?

இன்று சட்டப் பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே,

செங்கல் சூளையிலிருந்து மீட்கப்பட்ட குடும்பத்தின் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தால், எதிர்த்தரப்பு எடுத்துவைக்கும் வாதம் இதுதான்: ‘முன்பணம் வாங்கிக்கொண்டு அவர்களாகத்தான் வந்தார்கள்.’

இதற்கு 2000-ஆம் ஆண்டிலேயே விடை எழுதப்பட்டுவிட்டது. ஐ.நா. பொதுச்சபை அவ்வாண்டு ஏற்ற பலெர்மோ நெறிமுறை, ஆள்கடத்தலில் மூன்று கூறுகளைப் பார்க்கிறது: ஆள் சேர்த்தல், கொண்டுசெல்லுதல் போன்ற செயல்; மிரட்டல், ஏமாற்று, இயலாமையைப் பயன்படுத்திக்கொள்ளுதல் போன்ற வழி; சுரண்டல் என்ற நோக்கம். அவ்வழிகளுள் ஒன்றைக் கையாண்டிருந்தால் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் செல்லாது. 18 வயது நிறையாதவர் என்றால் வழியை நிரூபிக்கவே தேவையில்லை.

இந்தியா 2011-இல் இந்நெறிமுறையை ஏற்றது. குற்றவியல் சட்டத் திருத்தங்களை ஆராய்ந்த நீதிபதி வர்மா குழுவின் பரிந்துரைகளுக்குப் பின், 2013-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஆள்கடத்தலுக்கான 370-ஆம் பிரிவு திருத்தப்பட்டது. அச்சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது இன்று 143-ஆம் பிரிவு. சம்மதம் பொருட்டல்ல என்பது அதிலும் இருக்கிறது.

ஆனால் ஒரு சொல் விடுபட்டுவிட்டது. பலெர்மோ நெறிமுறையின் சுரண்டல் பட்டியலிலுள்ள ‘கட்டாய உழைப்பு’ நம் பிரிவின் விளக்கத்தில் இல்லை. 143-ஆம் பிரிவில் குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டு. சட்டவிரோதக் கட்டாய உழைப்புக்கான 146-ஆம் பிரிவிலோ அதிகபட்சமே ஓராண்டு. சூளையில் இழந்த வாழ்க்கைக்கு எவ்வளவு நீதி என்பதை, வழக்கு எந்தப் பிரிவில் பதிவாகிறது என்பதே தீர்மானித்துவிடுகிறது.

அந்தச் சொல்லை நாடாளுமன்றம் சேர்க்க வேண்டும். அதுவரை நீங்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 143-இல் ‘அடிமைமுறையை ஒத்த வழக்கங்கள்’ என்ற சொற்கள் இருக்கின்றன. கடனுக்காக ஒருவரின் உழைப்பைப் பிணைத்துவைப்பது அவ்வகை வழக்கமே என்று அடிமைமுறை ஒழிப்புக்கான 1956-ஆம் ஆண்டின் ஐ.நா. துணை உடன்படிக்கை சொல்கிறது. அதை நீதிபதியின் முன் எடுத்துவைக்க ஒரு வழக்கறிஞர் வேண்டும், அவ்வளவுதான்.

ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்களுக்காக எழுதப்பட்ட ஒரு கடிதத்தை உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றது. பசியும் வறுமையும்கூட ஒருவரைக் கட்டாயப்படுத்துபவைதாம் என்றும், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது அரசமைப்பின் 23-ஆம் பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பு என்றும் 1982-இல் தீர்ப்பளித்தது. உலக நெறி நம் நாட்டின் நீதியாவது இப்படித்தான். யாரோ ஒருவர் எழுதுகிறார், யாரோ ஒருவர் வாதாடுகிறார்.

நாளை உங்கள் மேசைக்கு முன் சூளையிலிருந்து மீட்கப்பட்ட ஒரு தாய் வந்து நின்றால், முதலில் நாற்காலியைக் காட்டி அமரச் சொல்லுங்கள். ‘ஏன் போனீர்கள்?’ என்று கேட்காதீர்கள். ‘திரும்பி வர விட்டார்களா?’ என்று கேளுங்கள். உங்கள் வழக்கு அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கட்டும்.