கையெழுத்துக்கு முன்னால் ஒரு கேள்வி

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



நம்ம குழுவில் சேமிப்பு எவ்வளவு, கடன் யாருக்கு என்று வாசித்துக் காட்டாமல் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுவோமா? மாட்டோம். ஆனால் கிராம சபையில்? "குழுப் பெண்களைக் கூட்டிட்டு வாங்கம்மா" என்பார்கள். போவோம், கையெழுத்துப் போடுவோம், வந்துவிடுவோம்.

ஏன் கூப்பிடுகிறார்கள்? மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வரவேண்டும் என்பது விதி. அந்த எண்ணிக்கையை நிரப்புவது நாம். அப்போ கேள்வி கேட்பதும் நாமாக இருக்கலாமே!

பூந்தமல்லி பக்கத்துக் குத்தம்பாக்கத்தைப் பாருங்கள். அந்த ஊர்க்காரர் இளங்கோ ரங்கசாமி, கெமிக்கல் இன்ஜினியர். 1996-ல் ஊராட்சித் தலைவரானார், 2001-ல் மறுபடியும் ஜெயித்தார். அங்கே சமத்துவபுரத்தில் இரட்டை வீடுகள் கட்டினார்கள். ஒரு பாதியில் தலித் குடும்பம், ஒட்டிய மறு பாதியில் வேறு சாதிக் குடும்பம். செலவைக் குறைக்க, கிரானைட் தொழிற்சாலையில் கழித்த கற்களை வைத்துக் கால்வாய் கட்டியதற்காக அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். கிராம சபை கூடியது, ஜனங்கள் அவர் பக்கம் நின்றார்கள், மீண்டும் பதவிக்கு வந்தார். கணக்கை மக்கள் முன்னால் வைத்தவருக்கு மக்களே காவல்.

"கேள்வி கேட்டா தொகுப்பு வீட்டுப் பட்டியல்ல நம்ம பேரை விட்டுடுவாங்க மேடம்" என்று சிலர் சொல்கிறீர்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். அதனால் தனியாகக் கேட்க வேண்டாம். குழுவில் தீர்மானம் போட்டு, எழுதி, பத்துப் பேர் கையெழுத்தோடு கொடுங்கள். பத்துப் பேரையும் பட்டியலில் விடுவது லேசான காரியம் இல்லை.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மூன்று காரியம் செய்யுங்கள்:

1. வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள்.
2. பயனாளிகள் பட்டியலைக் கேளுங்கள்.
3. தீர்மானத்தைப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். படிக்கத் தெரியாத அக்காவுக்குப் பக்கத்தில் இருப்பவர் படித்துக் காட்டுங்கள்.

ஆவடி, அம்பத்தூர் மாநகராட்சிப் பகுதிச் சகோதரிகளுக்குக் கிராம சபை கிடையாது. வார்டில் பகுதி சபை உண்டு, அங்கே கேளுங்கள்.

2016-ல் வந்த சட்டத் திருத்தப்படி உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. இன்று கிராம சபையில் எழுந்து பேசுகிறவர்தான் நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர்.