எந்த ஆட்டம் கடினம்?

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினால், காப்பி ஆறுமுன் ஒரு விவாதம் மூண்டுவிடும். விளையாட்டுகளுள் உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே வாட்டுவது எது என்பதும் அவ்விவாதங்களுள் ஒன்று. ஒருவர் குத்துச்சண்டை என்பார். மற்றொருவர் மாரத்தான் ஓட்டம் என்பார். கல்கத்தாவில் நெடுநாள் இருந்தவர் கால்பந்தை விட்டுக்கொடார். இன்று அந்த வழக்கை நாமும் சிறிது விசாரிப்போம்.

2004ஆம் ஆண்டில் ஈ.எஸ்.பி.என். என்னும் அமெரிக்க விளையாட்டு ஒளிபரப்பு நிறுவனம், வல்லுநர் சிலரைக் கொண்டு 60 ஆட்டங்களைத் தரம் பிரித்தது. வலிமை, வேகம், தாங்கும் சக்தி, நெஞ்சுரம் என்று பத்துக் குணங்களுக்குத் தனித்தனியே மதிப்பெண் இட்டுக் கூட்டினார்கள். குத்துச்சண்டைக்கே முதலிடம். அந்த முடிவோடு நமக்குப் பெரும் பிணக்கு இல்லை. கணக்கிட்ட முறையோடுதான் பிணக்கு. புளியையும் உப்பையும் மிளகையும் தனித்தனியே நாவில் வைத்துப் பார்த்துவிட்டு ரசத்தின் ருசியைச் சொல்ல முடியுமா? களைத்துப்போன உடலிடமிருந்து தெளிந்த முடிவை எந்த ஆட்டம் கேட்கிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

பனிநாடுகளில் பையத்லான் என்றொரு பந்தயம் உண்டு. பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டிக்கொண்டு பல கிலோமீட்டர் விரைந்து வந்தவர், முதுகில் சுமந்து வந்த துப்பாக்கியை எடுத்து, 50 மீட்டர் தொலைவிலுள்ள ஐந்து இலக்குகளைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது இலக்கின் குறுக்களவு 45 மில்லிமீட்டர்தான். இதயம் படபடக்கும், மூச்சு இரைக்கும், விரல் மட்டும் நடுங்கலாகாது. அவசரப்பட்டால் குறி தப்பும். அமைதிக்காகக் காத்திருந்தால் காலம் போய்விடும்.

சதுரங்கத்தை இக்கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்பவர் உண்டு. மாஸ்கோவில் கார்ப்போவும் காஸ்பரோவும் 1984 செப்டம்பரில் தொடங்கிய உலகப் பட்டப் போட்டி, 48 ஆட்டங்கள் நடந்தும் முடிவு காணாமல், 1985 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. அதற்குள் கார்ப்போவின் உடல் கண்கூடாக மெலிந்திருந்தது. நாற்காலியில் அமர்ந்தே ஒருவர் இளைக்கக் கூடுமென்றால், உடல் வேறு, உள்ளம் வேறு என்று கோடு கிழிப்பது எப்படி?

நம் வாதத்துக்குச் சிறந்த சாட்சி சென்னையிலேயே இருக்கிறது. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதின. வெயிலும் புழுக்கமும் எப்படி இருந்திருக்கும் என்பதைச் சென்னையில் வாழ்ந்தவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 25 வயது டீன் ஜோன்ஸ் எட்டு மணி நேரத்துக்கு மேல் மட்டை பிடித்து, 330 பந்துகளில் 210 ஓட்டங்கள் எடுத்தார். தசைகள் பிடித்துக்கொண்டன, மைதானத்திலேயே வாந்தி எடுத்தார். வெளியேறிவிட அவர் நினைத்தபோது, அணித்தலைவர் ஆலன் பார்டர், அப்படியானால் தம் குவீன்ஸ்லாந்து மாநிலத்துத் திடசாலி ஒருவரை அழைத்துக்கொள்வதாகச் சீண்டினார். விக்டோரியாக்காரரான ஜோன்ஸுக்கு ரோஷம் பொங்கியது, நின்றார். ஆட்டமிழந்தபின் மருத்துவமனையில் அவருக்குச் சலைன் ஏற்ற நேர்ந்தது. அந்தப் போட்டி, 348 ஓட்டங்கள் வேண்டியிருந்த இந்தியா 347இல் நின்றுவிட, வெற்றி தோல்வியின்றிச் சமனாயிற்று.

இதைப் பல ஆண்டுகள் நாமும் வீரக்கதையாகவே சொல்லி வந்திருக்கிறோம். இப்போது சிறிது தயக்கம் தட்டுகிறது. அன்றைய ஆட்டத்தின் பிற்பகுதி தமக்கு அவ்வளவாக நினைவில்லை என்று ஜோன்ஸே பின்னர் கூறினார். கடும் வெப்பம் தாக்கும்போது தசை மட்டும் சோர்வதில்லை, மூளையும் தடுமாறுகிறது. 'இனிப் போதும்' என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய அறிவே மயங்கிவிட்டால், அத்தீர்ப்பை ஆட்டக்காரரிடம் விடுவது எங்ஙனம் தகும்? ஓரத்தில் நிற்பவர்தாம் அவரை அழைத்து வர வேண்டும். பள்ளி மைதானங்களில் பிள்ளைகளை நடுப்பகலில் ஓடவிட்டு, தண்ணீர் கேட்பவனைக் கோழை என்று ஏசும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வெப்பத்தாக்குதல் உயிரையும் குடிக்கும்.

சரி, நம் கட்சி எது? சடுகுடு. மராட்டியத்தில் ஹுதுது என்றும், வங்காளத்தில் ஹாடுடு என்றும் வழங்கும் அதே ஆட்டம். 1990இல் பீகிங் ஆசிய விளையாட்டில் கபடி என்ற பெயரோடு இடம்பெற்று, இந்தியாவுக்குத் தங்கம் தேடித் தந்தது. பாடிச் செல்பவர் ஒருவர். எதிரே ஏழு பேர் வரை. நாவு ஓயாமல் பாட வேண்டும். கண் அத்தனை பேரின் காலையும் கையையும் பார்க்க வேண்டும். தொட வேண்டும், பிடிபடாமல் மீள வேண்டும். இக்காலப் பந்தயங்களில் 30 விநாடி என்று கடிகாரம் வைத்திருக்கிறார்கள். கிராமத்து ஆட்டத்தில் ஆட்டக்காரரின் மூச்சேதான் கடிகாரம். எவ்வளவு மூச்சு மிச்சம், நடுக்கோடு எத்தனை அடி தூரம் என்ற கணக்கை, அந்த மூச்சு தீர்ந்துகொண்டிருக்கும்போதே போட்டாக வேண்டும்.

குத்துச்சண்டை அன்பர்கள் இதை ஒப்பமாட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். அவர்கள் மறுப்பை எழுதி அனுப்பலாம்.